ரிக்கி லாம்பர்ட் உண்மையில் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பீட்ரூட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் இங்கிலாந்து கால்பந்து அணிக்கு ஆடினார் என்று ஒரே வரியில் ரிக்கி லாம்பர்ட்டின் கதையை முடித்துவிடுகிறார்கள். அவர் உண்மையில் எவ்வளவு நல்ல ஆட்டக்காரர்? அவ்வளவு திறமை இருந்தது என்றால் 30 வயதுவரை ஏன் கீழ் டிவிஷன்களிலேயே கிடந்தார்? கடைசியில் லிவர்பூலில் ஏன் எடுபடவில்லை?"

பீட்ரூட் கதை உண்மைதான். அதற்கு வருகிறேன். ஆனால் அதை முன்னால் வைத்துப் பேசினால் லாம்பர்ட் ஏதோ லாட்டரியில் பரிசு விழுந்தவர் மாதிரி ஆகிவிடுகிறார். அதனால் முதல் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் மிக நல்ல ஆட்டக்காரர். இங்கிலாந்தில் அவர் காலத்தில் ஆடிய முன்கள வீரர்களில், பந்தை அவரைவிட இதமாகத் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிக்கல் உடலில் இருந்தது. ஆறடி இரண்டு அங்குலம், அகன்ற தோள், வேகமில்லாத கால். இப்படி ஒருவரைப் பார்த்தவுடன் இங்கிலாந்தின் மேலாளர்களுக்கும் திறமை தேடி அலைபவர்களுக்கும் முடிவு மனத்தில் விழுந்துவிடும்: உயரே வரும் பந்தைத் தலையால் முட்டத் தெரிந்தவன், எதிரணித் தற்காப்பு வீரர்களோடு மல்லுக்கு நிற்பவன், அதற்கு மேல் எதிர்பார்க்க எதுவுமில்லை. லாம்பர்ட் இரண்டையும் செய்வார். ஆனால் அவருடைய ஆட்டத்தின் உயிர் வேறிடத்தில் இருந்தது. கோலுக்கு முதுகு காட்டி நின்று, பின்னாலிருந்து வரும் பந்தை மார்பிலோ காலிலோ அமைதியாக இறக்கி, ஓடிவரும் தோழனின் பாதையில் அளந்து வைப்பார். பாதி மைதானத்தைத் தாண்டி மறு ஓரத்துக்கு நீண்ட பந்து போடுவார். முப்பது கஜத்திலிருந்து ஃப்ரீ கிக் அடிப்பார். கட்டுமஸ்தான உடலுக்குள் ஒரு நடுக்கள ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. தொடக்க ஆண்டுகளில் அவரை நடுக்களத்திலும் நிறுத்தித்தான் பார்த்தார்கள்.

இனி கதை. 1982 பிப்ரவரி 16 அன்று கிர்க்பியில் பிறந்தார். லிவர்பூலின் வடகிழக்கு விளிம்பில் இருக்கும் ஊர் அது. உலகப் போருக்குப் பிறகு நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியதால் பெருத்த ஊர். ஃபில் தாம்ப்சன், டெர்ரி மெக்டெர்மாட் என்று லிவர்பூலின் பொற்காலத்துக்கு ஆட்களை அனுப்பிய மண். லாம்பர்ட்டும் பிறவி லிவர்பூல் ரசிகர். பத்து வயதில் அந்தக் கிளப்பின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். பதினைந்து வயதில் "வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது பிளாக்பூல். 1999 ஆகஸ்டில், 17 வயதில், முதல் அணிக்கு இறங்கினார். மொத்தம் மூன்று லீக் ஆட்டங்கள். பிறகு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஆடக் கிளப் இல்லை, கையில் காசும் இல்லை. மாக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் என்ற சிறிய கிளப்பில் சம்பளமில்லாமல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த மாதங்களில்தான் பீட்ரூட் தொழிற்சாலை வருகிறது. ஜாடிகளுக்கு மூடி போடும் வேலை, நாளொன்றுக்கு 20 பவுண்டு. பயிற்சிக்குப் போய்வரும் செலவுக்கு அது உதவியது. அவ்வளவுதான். சில மாத வேலை. அதற்குப் பின் 16 ஆண்டுகள் அவர் கால்பந்தைத் தவிர வேறு தொழில் செய்யவில்லை.

இங்கிலாந்தின் லீக் அமைப்பைப் பற்றி ஒரு சிறு விளக்கம், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். உச்சியில் பிரீமியர் லீக், 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. ஒவ்வொன்றிலும் 24 அணிகள். ஆக நான்கு படிகள், 92 கிளப்புகள். ஒவ்வோர் ஆண்டும் மேலே சில அணிகள் ஏறும், கீழே சில இறங்கும். ஒரு வீரர் இரண்டு வழிகளில் மேலே போகலாம்: பெரிய கிளப் வந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் தன் கிளப்பையே தோளில் சுமந்து ஏற வேண்டும். பிரீமியர் லீக்கை எட்டும்வரை லாம்பர்ட்டுக்கு முதல் வழி பெரும்பாலும் திறக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாக்கிள்ஸ்ஃபீல்டில் ஒரு முழுப் பருவம் ஆடினார். 2002இல் ஸ்டாக்போர்ட் கவுன்டி 3 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. மாக்கிள்ஸ்ஃபீல்ட் மாதிரி ஒரு கிளப்புக்கு அது பெரும்பணம். ஆனால் ஸ்டாக்போர்ட் அப்போது சரிந்துகொண்டிருந்த வீடு. அங்கே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. 2005 தொடக்கத்தில் ராச்டேலுக்குப் போனார். நான்காம் டிவிஷன்.

ராச்டேலில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். அங்கே சில மாதங்கள் அவருக்கு ஜோடியாக முன்களத்தில் ஆடியவர் கிரான்ட் ஹோல்ட். இவரும் ஒரு காலத்தில் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பிழைப்புக்காகச் சிங்கப்பூர் லீக்வரை போய் ஆடிவிட்டு வந்தவர். ஏழு ஆண்டுகள் கழித்துப் பாருங்கள்: 2011-12 பருவத்தில் நாரிச் அணிக்காக ஹோல்ட் பிரீமியர் லீக்கில் 15 கோல். அதற்கடுத்த பருவத்தில் சவுதாம்ப்டனுக்காக லாம்பர்ட் அதே பிரீமியர் லீக்கில் அதே 15 கோல். இருவரும் ஒரே நேரத்தில் நான்காம் டிவிஷன் கிளப் ஒன்றின் முன்களத்தில் நின்றார்கள். மேலே இருந்த அறுபத்தெட்டு கிளப்புகளில் ஒன்றுக்கும் கண் தெரியவில்லை. லாம்பர்ட் தாமதமாக மலர்ந்தவர் என்று யாராவது சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். 2005-06இல் ராச்டேலுக்காக லீக்கில் மட்டும் 22 கோல் அடித்திருந்தார். வயது 24. தாமதம் எங்கே இருந்தது?

அந்தக் கோல்களுக்குக் கிடைத்த பரிசு, 2006 ஆகஸ்டில் பிரிஸ்டல் ரோவர்ஸ் கொடுத்த 2 லட்சம் பவுண்டு. அதுவும் அதே நான்காம் டிவிஷன் கிளப்தான். முதல் பருவத்தில் லீக்கில் வெறும் 8 கோல். ஆனாலும் ரசிகர்கள் அவரை உடனே நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள், காரணம் ஒரே ஒரு கோல். கீழ் டிவிஷன் அணிகளுக்கான கோப்பைப் போட்டியில் அதே ஊரின் எதிரியான பிரிஸ்டல் சிட்டியோடு மோத வேண்டி வந்தது. இரண்டு கட்டமாக 180 நிமிடம் ஆடியதில் விழுந்த ஒரே கோல் லாம்பர்ட்டுடையது. இரண்டு அணி உள்ள ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். கார்டிஃப் இறுதிப் போட்டியில் டான்காஸ்டரிடம் தோற்றார்கள், பரவாயில்லை. அதே 2007 மே மாதத்தில், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே ஆஃப் ஆட்டங்களை வென்று மூன்றாம் டிவிஷனுக்கு ஏறிவிட்டார்கள்.

அடுத்த பருவத்தில்தான் எனக்குப் பிடித்த தற்செயல் நடக்கிறது. 2008 பிப்ரவரியில், எல்லா டிவிஷன் கிளப்புகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் ஐந்தாம் சுற்று. ரோவர்ஸின் சிறிய மைதானத்துக்கு ஒரு டிவிஷன் மேலே இருந்த சவுதாம்ப்டன் வந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது லாம்பர்ட் ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். பந்து வழியில் ஒருவர்மேல் பட்டுத் திசை மாறி வலைக்குள் போனது. 1-0. சவுதாம்ப்டனை வெளியேற்றியவரே ஒன்றரை ஆண்டில் அந்தச் சவுதாம்ப்டனைத் தூக்கி நிறுத்தப் போகிறார் என்று அன்று எவருக்குத் தெரியும்! காலிறுதியில் வெஸ்ட் பிராம் வந்து ரோவர்ஸை 5-1 என்று நொறுக்கியது.

2008-09இல் லீக் ஒன்னில் 29 கோல். அந்த டிவிஷனில் அதிகக் கோல் அடித்தவர் என்ற இடத்தை ஸ்விண்டனின் சைமன் காக்ஸோடு பகிர்ந்துகொண்டார். 29 கோல் அடித்த ஒரு முன்கள வீரரைத் தேடிச் சாம்பியன்ஷிப் கிளப்புகள் வரிசையில் நின்றிருக்க வேண்டும். காக்ஸை வெஸ்ட் பிராம் வாங்கியது. லாம்பர்ட்டை வாங்கியது அதே மூன்றாம் டிவிஷனில் இருந்த ஒரு கிளப்.

ஏன்? இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. என் கணிப்பில் காரணங்கள் மூன்று, மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. வேகமில்லை, வேகமில்லாதவனை மேல் டிவிஷன் தற்காப்பு வீரர்கள் விழுங்கிவிடுவார்கள் என்பது அங்கே வேதவாக்கு. வயது 27, வாங்கி இரண்டு ஆண்டு ஆடவிட்டு லாபத்துக்கு விற்க முடியாத சரக்கு. மூன்றாவது அவருடைய சொந்தத் தவறு: உடம்பை அவர் பேணவில்லை. கீழ் டிவிஷன்களில் அவருடைய கைத்திறன் ஒன்றே போதுமானதாக இருந்தது, உடம்பைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. இதைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் பேசியிருக்கிறார்.

இனி சவுதாம்ப்டன். 2009இல் அந்தக் கிளப் சாகக் கிடந்தது. தாய் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. அணி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்தது. அபராதமாக 10 புள்ளிகள் கழிக்கப்பட்டன. அதாவது பருவத்தைப் பூஜ்யத்திலிருந்துகூடத் தொடங்க முடியாது, பத்துப் படி பள்ளத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜூலையில் மார்க்கஸ் லீபெர் என்ற செல்வந்தர் கிளப்பை வாங்கிக் காப்பாற்றினார். மேலாளராக ஆலன் பார்டியூ வந்தார். ஆகஸ்டில் சுமார் 10 லட்சம் பவுண்டுக்கு லாம்பர்ட்டை வாங்கினார்கள்.

பார்டியூ செய்த மிகப் பெரிய உதவி, முகத்துக்கு நேரே சொன்னதுதான்: உன் உடம்பு இருக்க வேண்டிய நிலையில் இல்லை, இளைத்தால் நீ எங்கேயோ போய்விடுவாய். பத்து ஆண்டுகளாக எத்தனையோ மேலாளர்களின் கையில் இருந்தவர். அந்த வயதில் அப்படிச் சொல்லக் கேட்பது யாருக்கும் கசக்கும். லாம்பர்ட் கேட்டுக்கொண்டார். உணவும் பயிற்சியும் மாறின. கைத்திறன் பழையதுதான்; அதைத் தொண்ணூறு நிமிடமும் பயன்படுத்தும் உடம்பு அப்போதுதான் சேர்ந்தது.

விளைவைக் கணக்கில் பாருங்கள். 2009-10இல் லீக்கில் 30 கோல், எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 36. வெம்ப்ளியில் கார்லைலை 4-1 என்று வென்று கீழ் டிவிஷன் கோப்பையையும் எடுத்தார்கள்; முதல் கோல் லாம்பர்ட்டின் பெனால்டி. பத்துப் புள்ளி அபராதத்தோடும் ஏழாம் இடம். அடுத்த பருவத்தில் 21 கோல், சாம்பியன்ஷிப்புக்கு ஏற்றம். 2011-12இல் 27 கோல், அந்த டிவிஷனின் அதிகக் கோல்காரர், ஆண்டின் சிறந்த வீரர், மீண்டும் ஏற்றம். இடையில் லீபெர் 2010 ஆகஸ்டில் காலமானார், அந்த மாத இறுதியிலேயே பார்டியூ நீக்கப்பட்டார், நைஜல் ஆட்கின்ஸ் வந்தார். ஒன்றும் லாம்பர்ட்டை அசைக்கவில்லை.

கோல் எண்ணிக்கையைவிட முக்கியமானது அந்த அணி கட்டப்பட்ட விதம். சவுதாம்ப்டன் லாம்பர்ட்டை எதிரணிக் கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் பந்துக்குக் காத்திருக்கும் ஆளாக வைத்திருக்கவில்லை. அவர் பின்வாங்கி நடுக்களத்தை நோக்கி வருவார், அவரைக் காவல் காக்கும் தற்காப்பு வீரர் கூடவே இழுபட்டு வருவார், அந்த இடைவெளிக்குள் நடுக்கள வீரர் ஆடம் லல்லானா பாய்வார். லல்லானாவின் வளர்ச்சியில் பாதிப் பங்கு லாம்பர்ட்டின் முதல் தொடுதலுக்கு உண்டு என்று நான் தயங்காமல் சொல்வேன். வேகமில்லாதது இந்த அமைப்பில் குறையே இல்லை. ஓடுவதற்கு மற்றவர்கள் இருந்தார்கள்.

2012 ஆகஸ்ட் 19 அன்று பிரீமியர் லீக். எதிரணி நடப்பு சாம்பியன் மான்செஸ்டர் சிட்டி, அவர்களுடைய மைதானத்திலேயே. ஆட்கின்ஸ் லாம்பர்ட்டைத் தொடக்க அணியில் வைக்கவில்லை. இந்த உயரத்துக்கு இவர் தாங்குவாரா என்ற பழைய சந்தேகம் சொந்த மேலாளருக்கே இருந்தது போலும். இரண்டாம் பாதியில் மாற்று வீரராக இறங்கினார். சில நிமிடங்களில், பெட்டியின் விளிம்பிலிருந்து, பந்தை நிறுத்தாமல் வளைத்து மூலைக்குள் வைத்தார். சவுதாம்ப்டன் 3-2 என்று தோற்றது. அதற்குப் பிறகு அந்தச் சந்தேகத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பருவத்தில் 15 கோல்; பிரீமியர் லீக்கில் ஆங்கிலேயர் எவரும் அதைவிட அதிகம் அடிக்கவில்லை, ஃபிராங்க் லாம்பார்ட் மட்டுமே சமமாக நின்றார். இங்கிலாந்தின் நான்கு டிவிஷன்களிலும் கோல் அடித்தவராகவும் ஆகிவிட்டார்.

பெனால்டியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். சவுதாம்ப்டனுக்காக லாம்பர்ட் எடுத்த பெனால்டிகள் 34. வலைக்குள் போனவை 34. நல்ல பெனால்டிக்காரர் ஒருவர் ஐந்தில் நான்கை அடிப்பார் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவர் தொடர்ந்து 34 முறை தவறாமல் அடிக்க, ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அதுவும் அதிர்ஷ்டவசமாக அவருக்கு வாய்த்த கிளப் எது? மாட் லெ டிசியே ஆடிய அதே கிளப். 48 பெனால்டியில் ஒன்றே ஒன்றைத் தவறவிட்ட மனிதர். சவுதாம்ப்டன் ரசிகர்கள் பெனால்டி என்றால் கோல் என்றே நினைத்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை.

2013 ஜனவரியில் ஆட்கின்ஸும் போனார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் செல்சியின் மைதானத்தில் 0-2 என்று பின்தங்கியிருந்த அணியை, மாற்று வீரராக வந்து ஒரு கோல் அடித்து 2-2 சமநிலைக்கு லாம்பர்ட் இழுத்து வந்திருந்தார். புதிய மேலாளர் மவுரிசியோ போச்செட்டினோ. பந்தை இழந்த கணமே மொத்த அணியும் எதிரணிமேல் பாய வேண்டும் என்பது அவர் பாணி. வேகமில்லாத 31 வயதுக்காரருக்கு இதில் இடமே இருக்காது என்று பலர் நினைத்தார்கள். அந்தக் கோடையில் டானி ஓஸ்வால்டோ என்ற இத்தாலிய முன்கள வீரரைக் கிளப்பின் சாதனை விலைக்கு வாங்கவும் செய்தார்கள். ஆறு மாதத்தில் ஓஸ்வால்டோ யுவெண்டஸுக்கு இரவல் போனார். லாம்பர்ட் தன் இடத்திலேயே இருந்தார்: 2013-14இல் 13 கோல், கூடவே 10 கோல்களுக்குப் பந்து கொடுத்தவர். அந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் அடிக்கோடிடுவேன்.

இங்கிலாந்து அழைப்பு 2013 ஆகஸ்டில் வந்தது, அவருக்கு மகள் பிறந்த அதே நாளில். ஆகஸ்ட் 14, வெம்ப்ளி, ஸ்காட்லாந்தோடு நட்பு ஆட்டம் (இந்த இரண்டு நாடுகளுக்கும் இடையில் நட்பு ஆட்டம் என்று ஒன்று உண்டா என்பது வேறு விஷயம்). 2-2. 67ஆம் நிமிடத்தில் வேய்ன் ரூனி வெளியேற, லாம்பர்ட் உள்ளே வந்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு கார்னர். எழும்பித் தலையால் இடித்தார். கோல். பன்னாட்டு ஆட்டத்தில் அவருடைய முதல் தொடுதலே அதுதான். 3-2 என்று இங்கிலாந்து வென்றது. எல்லோரும் இதைச் சொல்வார்கள். பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: அந்தக் கார்னரை அடித்தவர் லெய்டன் பெய்ன்ஸ், அவரும் கிர்க்பியில் பிறந்தவர். வெளியேறிய ரூனியின் வீடோ பக்கத்து ஊரான க்ரோக்ஸ்டெத். வெம்ப்ளியில் அந்த மூன்று நிமிடம் ஏதோ வட லிவர்பூல் தெருக்களின் உள்ளூர் ஆட்டம் போலத்தான் இருந்தது.

மூன்று நாள் கழித்து பிரீமியர் லீக் பருவத்தின் முதல் ஆட்டம், வெஸ்ட் பிராமில். ஆட்டம் முடியும் தறுவாயில் பெனால்டி. யார் அடித்திருப்பார், என்ன ஆகியிருக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

இங்கிலாந்துக்காக மொத்தம் 11 ஆட்டங்கள், 3 கோல். மற்ற இரண்டு மால்டோவா, எக்வடார் அணிகளுக்கு எதிராக. 2014 உலகக் கோப்பை அணியிலும் இருந்தார். பிரேசிலில் ஆடியது சில நிமிடங்கள் மட்டுமே: உருகுவேயிடம் தோற்ற ஆட்டத்தில் 87ஆம் நிமிடம் இறங்கினார். இங்கிலாந்து மேலாளர் ராய் ஹாட்ஜ்சன் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டுப் பயன்படுத்தாமல் விட்டது எனக்கு இன்றும் புரியாத புதிர். கோல் தேவைப்படும் ஆட்டத்தின் கடைசி மூன்று நிமிடத்தில் இறக்குவதற்கா அவ்வளவு தூரம்?

அந்த உருகுவே ஆட்டத்தில் இரண்டு கோலையும் அடித்தவர் லூயிஸ் சுவாரெஸ். மூன்றாவது கேள்விக்கு அவர்தான் வாசல். உலகக் கோப்பைக்குச் சில நாள் முன்பு, ஜூன் தொடக்கத்தில், லிவர்பூல் சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு லாம்பர்ட்டை வாங்கியிருந்தது. பதினைந்து வயதில் அனுப்பிய கிளப் 32 வயதில் அழைக்கிறது. எவர் மறுப்பார்? அன்றைய நிலையில் கணக்கும் தப்பானதில்லை. லிவர்பூல் முந்தைய பருவத்தில் இரண்டு புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்ட அணி. சுவாரெஸ் 31 கோல், டேனியல் ஸ்டரிட்ஜ் 21 கோல். இந்த இருவருக்கும் பின்னால் மூன்றாவது ஆளாக, ஆட்டம் இறுகும்போது இறங்கிச் சாவி போடுகிறவராக லாம்பர்ட். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது.

ஆனால் சுவாரெஸ் இத்தாலிய வீரரின் தோளைக் கடித்தார், ஜூலையில் பார்சிலோனாவுக்கு விற்கப்பட்டார். ஸ்டரிட்ஜ் காயத்தில் படுத்தார். ஆகஸ்டில் அவசரமாக மரியோ பலோட்டெல்லியை வாங்கினார்கள். முன்னால் ஓடுவதற்கு ஆளே இல்லாத அணியில், ஓடுகிறவர்களுக்குப் பந்து கொடுப்பவரைத் தனியே நிறுத்தினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. சவுதாம்ப்டனில் அவர் பின்வாங்கும்போது இருவர் அவரைத் தாண்டிப் பாய்ந்தார்கள். இங்கே அவர் பின்வாங்கினால் எதிரணிப் பெட்டியில் சிவப்புச் சட்டையே இருக்காது. அவர் இறங்கிய வாய்ப்புகளும் பெரும்பாலும் சிறு துண்டுகளே. தாளம் பிடித்து ஆடும் ஆட்டக்காரருக்கு அது ஆகாது. 36 ஆட்டங்களில் 3 கோல்: கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக, சாம்பியன்ஸ் லீக்கில் பல்கேரியாவின் லுடோகோரெட்ஸுக்கு எதிராக, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக. பேலஸ் ஆட்டத்தின் கோலைத் தேடிப் பாருங்கள். இரண்டாம் நிமிடம், பின்னாலிருந்து நீண்ட பந்து போட்டவர் அதே கோடையில் சவுதாம்ப்டனிலிருந்து லிவர்பூலுக்கு வந்த லல்லானா. பழைய பாடம், ஒரே ஒரு முறை.

அவர் லிவர்பூலுக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று சவுதாம்ப்டன் ரசிகர்கள் சொல்வார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோடையில் போச்செட்டினோ டாட்டன்ஹாமுக்குப் போனார். லல்லானா, லவ்ரன், லூக் ஷா என்று அணியே கலைந்தது. அவர் தங்கியிருந்தாலும் தங்கியிருக்கும் வீடு பழைய வீடாக இருந்திருக்காது. முதல் லீக் ஆட்டத்தில், லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் மாற்று வீரராக அவர் லிவர்பூல் சட்டையில் இறங்கியபோது எதிரே நின்றது சவுதாம்ப்டன் அணி. வந்திருந்த சவுதாம்ப்டன் ரசிகர்கள் எழுந்து கைதட்டினார்கள். வெறுப்போடு யாரும் பிரியவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015இல் வெஸ்ட் பிராம். டோனி பூலிஸின் அணியில் பெரும்பாலும் பெஞ்சில். 2016 ஆகஸ்ட் கடைசி நாளில் கார்டிஃப் சிட்டி. அவரை அங்கே அழைத்தவர் பால் ட்ரோலப், பிரிஸ்டல் ரோவர்ஸ் நாட்களில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர். ஐந்து வாரத்தில் ட்ரோலப்பை நீக்கிவிட்டார்கள். லாம்பர்ட் அந்தப் பருவத்தில் 4 கோல் அடித்தார். 2017 கோடையில் கார்டிஃபும் விடுவித்தது. அக்டோபரில், 35 வயதில், ஓய்வை அறிவித்தார். சவுதாம்ப்டன் கணக்கு மட்டும் 235 ஆட்டம், 117 கோல்.

இணையத்தில் அவருடைய ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்குவதானால் ஸ்காட்லாந்து கோலில் தொடங்காதீர்கள், அது வெறும் தலையடி. 2011-12 பருவத்தில் சவுதாம்ப்டன் அடித்த கோல்களை வரிசையாக ஓடவிடுங்கள். லாம்பர்ட் அடித்தவற்றை விட்டுவிட்டு மற்றவர்கள் அடித்தவற்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று தொடுதல் பின்னோக்கிப் போய், பந்து யார் காலிலிருந்து புறப்பட்டது என்று கவனியுங்கள்.